இரண்டு அமெச்சூர்கள்

1897 ஜூனில் மாஸ்கோவின் ஸ்லாவ்யான்ஸ்கி பஜார் உணவகத்தில் இருவர் மதியம் பேசத் தொடங்கி மறுநாள் காலைவரை பேசினார்கள். ஒருவர் நாடகாசிரியர், நடிப்பு கற்பிப்பவர்: நெமிரோவிச்-தான்சென்கோ. மற்றவர் ஜரிகை ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, அமெச்சூர் நடிகர்: ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. அவருடைய மாணவர்களும் இவருடைய அமெச்சூர்களும் சேர்ந்ததுதான் 1898இல் பிறந்த மாஸ்கோ கலை அரங்கு. 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் கேலிக்குள்ளான செகாவின் 'கடற்பறவை' அங்கே எழுந்து நின்றது.

இந்தச் சேர்க்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. அதற்குப் பின்னால் ஷெப்கின் இருக்கிறார். பண்ணையடிமையாகப் பிறந்தவர், ரசிகர்கள் சந்தா திரட்டி மீட்டார்கள். 1836இல் கோகலின் 'அரசாங்க இன்ஸ்பெக்டர்' மாஸ்கோவில் மேடையேறியபோது மேயர் அவர்தான். பிரபுக்களுக்காக ஆடிய அடிமை, எழுத்தாளனுக்குச் சமமாக உட்கார்ந்து பேசும் நடிகனானான்.

நம் பாய்ஸ் கம்பெனிப் பையன்களைப் பண்ணையடிமைகள் என்பது மிகை. ஆனாலும் அடி, பட்டினி, மனப்பாடம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் சங்கரதாஸ் சுவாமிகளே ஆசிரியர். தொழிலும் எழுத்தும் அங்கே ஒன்றாக இருந்தன. இல்லாதது, படித்தவனின் மரியாதை. அது சபாக்களிடம் இருந்தது.

1914இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபையைத் தொடங்கிய எஃப். ஜி. நடேசய்யர் ரயில்வே அதிகாரி. பம்மல் சம்பந்த முதலியார் நீதிபதி. இருவரும் மேடையை உண்மையாகவே நேசித்தவர்கள்; பம்மல் எழுதிக் குவித்தவரும்கூட. ஆனால் நம் சபாக்களுக்கு நாடகம் சாயங்கால வேலை. கம்பெனிக்காரனோடு ஒரே ஒத்திகையில் நிற்பதை அவற்றின் கௌரவம் அனுமதிக்கவில்லை. ஜரிகை ஆலைப் பிள்ளைக்கும் அந்தக் கூச்சம் இருந்திருக்கும். மேடைக்கென்று வேறு பெயர் வைத்துக்கொண்டவர்தானே. அவர் அதைத் தாண்டினார்.

(காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், அரையர்கள் மார்கழியில் பிரபந்தத்தை அபிநயித்து வியாக்கியானமும் சொல்கிறார்கள். சொல்லை உடம்பால் விளக்கும் பயிற்சிக்கு நாம் ரஷ்யாவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அது கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.)

திருச்சி சபையில் எல்லை ஒருமுறை தளர்ந்தது. 'ஹரிச்சந்திரா'வில் லோகிதாசனாக நடேசய்யர் மேடையேற்றிய சிறுவன் தியாகராஜன். அவனிடம் குரல் இருந்தது. அந்தக் குரலுக்கு வெளியே ஒரு பாத்திரத்தை எழுதித் தர எவரும் வரவில்லை. 1934இல் 'பவளக்கொடி'யோடு பாகவதர் சினிமாவுக்குப் போனார். 1938இல் 'சேவாசதன'த்தில் நடேசய்யரே காமிராவின் முன் நின்றார்.