அகப்பை முதல் சிஎன்சி வரை: படுவான்கரைக் குசினியின் மரச் சரித்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மட்டக்களப்பின் சரித்திரம் என்றால் நாங்கள் முதலில் தேடுவது அரசர்களை, கோயில்களை, பள்ளிவாசல்களை, கோட்டையை. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வித்துவான் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்று தேடி வாசிக்கிறோம். ஆனால் மூன்று வேளையும் கையில் பிடிக்கிற அகப்பைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று நினைப்பதில்லை. வெல்லாவெளிப் பக்கம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாங்கள், “இதற்குப் பெயர் என்ன?” என்று ஒரு மத்தைக் காட்டிக் கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சொற்களைப் பாருங்கள். குசினி போர்த்துக்கேயச் சொல். மேசை, அலுமாரி, கதிரை, வாங்கு, கோப்பை, தாச்சி, வாளி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் ஆட்சி பத்து வருடத்தில் போய்விட்டது, அவர்களுடைய சொற்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் அகப்பை, துடுப்பு, மத்து, உரல், உலக்கை ஆகியவற்றுக்குப் பெயர் எங்கிருந்தும் வரவில்லை. இருந்து சாப்பிடுகிற தளபாடம் வெளியிலிருந்து வந்தது, சமைக்கிற மரச் சாமான் ஏற்கனவே இங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அடுத்தது அகப்பையின் அமைப்பு. ஐரோப்பாவில் மரக் கரண்டி என்றால் ஒரு கட்டையை எடுத்து, குழியையும் பிடியையும் ஒன்றாகச் செதுக்குவார்கள். குழி தோண்டுவதுதான் அதில் கஷ்டமான வேலை. அதற்கென்றே வளைந்த கத்தி தனியாக வைத்திருப்பார்கள். எங்களுடைய ஆட்கள் அந்த வேலையைத் தென்னைக்கு விட்டுவிட்டார்கள். சிரட்டை ஏற்கனவே குழிந்திருக்கிறது, சூட்டுக்கு உருகாது, சட்டியைக் கீறாது. இரண்டு ஓட்டை போட்டு மூங்கிலிலோ கமுகிலோ சீவிய பிடியைச் செருகினால் அகப்பை. பிடி உடைந்தால் பிடியை மாற்றலாம், சிரட்டை வெடித்தால் சிரட்டையை மாற்றலாம். இதைப் படிப்பறிவில்லாத காலத்துச் சாமான் என்று சொல்ல முடியுமா?

மரத்தில் செய்த சாமான்களுக்கு மரம் தெரிந்த கை வேண்டும். உரலுக்கும் உலக்கைக்கும் வைரம் பாய்ந்த மரம். உலக்கை நுனிக்கு இரும்புப் பூண். இடியப்ப உரலுக்கு ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற இரண்டு துண்டு, அடியில் துளையிட்ட தகடு. அது கொஞ்சம் இறுகினாலும் மா இறங்காது, கொஞ்சம் தளர்ந்தாலும் பக்கத்தால் பிதுங்கும். நோன்புக் கஞ்சி கிண்டுகிற நீளத் துடுப்பும் தொதல் கிண்டுகிற துடுப்பும் வேறு வேறு. தொதல் இறுகி வரும்போது துடுப்பின் கழுத்தில்தான் முழுப் பாரமும் விழும். அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடினால் பெருநாளைக்கு முதல் நாள் இரவு துடுப்பு முறியும்.

இதைச் செய்தவர்கள் யார்? எழுவான்கரை ஊர்களில் நாங்கள் ‘ஓடாவியார்’ என்று கூப்பிட்டவர்கள். மட்டக்களப்பு நகரில் பறங்கியர். போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசிய அந்தச் சமூகத்துக்குத் தச்சும் கொல்லும் பரம்பரைத் தொழிலாக இருந்தன. படுவான்கரையில் வயலுக்குக் கலப்பை செய்த கையே வீட்டுக்கு உலக்கையும் செய்து கொடுத்தது. ஒரு குசினிக்குள் மூன்று சமூகத்தின் கைவேலை இருந்த காலம் அது. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மரவேலை குறைந்த தொழில் என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

பிறகு என்ன நடந்தது? ஒரே நாளில் எதுவும் போகவில்லை. மில் வந்தபோது உரல் கோடிக்குப் போனது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மலிவாக வந்தன. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. அதற்கு மேல் யுத்தம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்தவை இரண்டு கரைக்கும் இடையில் இருந்த போக்குவரத்தை வெட்டிவிட்டன. வயல் செய்யவும் வியாபாரத்துக்கும் ஆற்றைக் கடந்து போன முஸ்லிம்கள் போவதை நிறுத்தினார்கள். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்களே வீடு வாசலை விட்டு ஓடி வந்தார்கள். ஓடுகிறவர் பிள்ளையைத் தூக்குவார், அடையாள அட்டையை எடுப்பார். உரலைத் தூக்குவாரா? திரும்பிப் போனபோது கடையில் வாங்கிய சாமானோடுதான் குசினி மறுபடி தொடங்கியது.

இது ஒரு பக்கக் கதை. மற்றப் பக்கம் மெஷினின் கதை.

சொன்னபடி வேலை செய்கிற இயந்திரம் புதிய யோசனை இல்லை. 1206இல் அல் ஜஸரீ எழுதி முடித்த இயந்திர நூலில், உருளையில் செருகிய முளைகள் சுழன்று பொம்மைகளை மேளம் அடிக்க வைக்கிற ஒரு படகு இருக்கிறது. 1804 அளவில் பிரான்சில் ஜக்கார், ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை நடத்தினார். மருதமுனையில் தறி பார்த்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே என்பதை நெய்கிறவரின் ஞாபகத்துக்குப் பதிலாக அட்டை வைத்திருக்கிறது.

மரத்துக்கு வந்தது அதே காலத்தில். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் மார்க் ப்ரூனெல் திட்டமிட்டு ஹென்றி மோட்ஸ்லே செய்த 45 இயந்திரங்கள் கப்பலுக்கான மரக் கப்பிகளை வெட்டின. 1808இல் வருடத்துக்கு 130,000 கப்பிகள். முன்பு 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். உலகத்தின் முதல் பெரிய இயந்திர உற்பத்திகளில் ஒன்று மரச் சாமானில்தான் நடந்தது. மற்ற நூறு பேரும் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் அன்றைக்கே பிறந்துவிட்டது.

கணினி வந்தது ஹெலிகொப்டரால். அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கை செய்து கொடுத்தார். அதன் வளைவைக் கையால் சரியாக வெட்ட முடியவில்லை. அவருடைய பொறியியலாளர் பிராங்க் ஸ்டூலன், ஐபிஎம் கணக்கிடும் இயந்திரத்தால் வளைவிலுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டார். ஒருவர் எண்ணை வாசிக்க, இரண்டு பேர் ஒவ்வொரு பக்கத்துச் சில்லைத் திருப்பி அந்தப் புள்ளிக்குக் கத்தியைக் கொண்டு போனார்கள். அந்த இரண்டு பேருடைய கைக்குப் பதிலாக மோட்டர் வைத்தால் என்ன என்பதுதான் சிஎன்சியின் விதை. எம்ஐடி நிறுவனம் 1952இல் அந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. 1959இல் வளைவை எழுதும் கணினி மொழியை அறிமுகம் செய்தபோது, வந்தவர்களுக்கு நினைவாகக் கொடுத்தது மெஷின் வெட்டிய அலுமினியச் சாம்பல் தட்டு. அதாவது ஒரு சின்னக் குழிந்த பாத்திரம்.

பல வருடம் இது பெரிய தொழிற்சாலைச் சொத்தாக இருந்தது. 2005இல் இத்தாலியில் ஆர்டுவீனோ என்ற மலிவான சிறு பலகை வந்தது. 2009இல் நோர்வேக்காரர் ஒருவர் அதில் ஓடும் ஜீஆர்பிஎல் மென்பொருளை எழுதி இலவசமாக விட்டார். அதற்குப் பிறகுதான் சாதாரணத் தச்சுப் பட்டறைக்குள் மெஷின் நுழைந்தது. இன்று எங்கள் பக்கத்து ஊர்களில் கதவுக்குப் பூவும், பள்ளிவாசலுக்கு அரபு எழுத்தும், கோயிலுக்குத் தாமரையும் இதே மெஷின் வெட்டுகிறது.

இதே மெஷினில் கரண்டி செய்யலாமா? செய்யலாம். கணினியில் உருவத்தை வரைய வேண்டும். மென்பொருள் அதைக் கத்தி போகிற பாதையாக மாற்றும். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ, ஜி1 என்றால் நேராக வெட்டிக்கொண்டு போ, ஜி2, ஜி3 என்றால் வளைந்து வெட்டு. எக்ஸ், வை, இசெட் மூன்றும் நீளம், அகலம், ஆழம். எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் படிக்கிற ஆள்கூறுதான் இது. முதலில் தட்டை நுனிப் பிட் பெரும்பகுதி மரத்தை எடுக்கும். பிறகு உருண்டை நுனிப் பிட் நெருக்கமாக ஓடிக் குழியை வழவழப்பாக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் பலகையைப் புரட்ட வேண்டும். இரண்டு குச்சி அடித்து அளவு பிசகாமல் புரட்டாவிட்டால் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் பொருந்தாது. கரண்டி கழன்று பறக்காமல் ஓரத்தில் சின்னப் பாலங்கள் விட வேண்டும். கடைசியில் அதை அறுத்து, அரம் போட்டு, மண்கடதாசி தேய்ப்பது கைதான்.

மெஷினுக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. கையால் செய்கிறவர் கட்டையைப் பிளந்து, நார் போகிற வழியே போவார். வளைந்த பிடி வேண்டுமென்றால் வளைந்த கொப்பைத் தேடுவார். மெஷினுக்கு மரமும் ஒன்று, மெழுகும் ஒன்று. பலகையை எப்படி வைத்தாலும் கோப்பில் இருக்கிற உருவத்தை அழகாக வெட்டித் தரும். கடையில் பார்க்க வடிவாக இருக்கும். மூன்றாம் மாதம் கழுத்தில் முறியும். ஆகவே பலகையை எந்தப் பக்கமாக வைப்பது, எந்த மரத்தை எடுப்பது என்பதை ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதன் எங்களிடம் இன்னும் இருக்கிறாரா?

இங்கேதான் எங்களுடைய கவலை. எழுவான்கரையில் மெஷின் வைத்திருக்கிற தம்பிமாருக்குக் கணினி தெரியும், மரம் தெரியாது. அவர்கள் கையில் அதிகம் ஓடுவது எம்டிஎப் பலகை. படுவான்கரையில் எந்த மரம் வெடிக்கும், எந்த மரம் வாசம் விடும், எதை நிழலில் காய வைக்க வேண்டும் என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வேலை கேட்க யாரும் போவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆறு. பாலமும் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. போகிற பழக்கம்தான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

காலமும் இப்போது கொஞ்சம் எங்கள் பக்கம் நிற்கிறது. 2022இல் காஸ் இல்லாமல் வீடெல்லாம் விறகுக்குத் திரும்பியபோது பிளாஸ்டிக் கைபிடிகள் அடுப்படியில் உருகியதைப் பார்த்தோம். 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டு போன்றவற்றை அரசாங்கம் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. தடை செய்த சாமானுக்குப் பதில் சாமான் எங்கோ ஒரு இடத்தில் செய்யப்படத்தான் போகிறது. அது எங்கள் பிள்ளைகளின் கையால் ஏன் நடக்கக் கூடாது? 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேலை தேடி கட்டாருக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

செய்கிறவர்களுக்கு மூன்று விசயம் சொல்ல வேண்டும். எம்டிஎப், பிளைவூட் துண்டுகளில் சாப்பாட்டுச் சாமான் செய்ய வேண்டாம், அவற்றின் பசை சூட்டுக்கும் சோற்றுக்கும் ஆனதல்ல. பொலிஷ், வார்னிஷ் பூச வேண்டாம், தேன்மெழுகு போதும். மரத்தை அனுமதிப்பத்திரம் உள்ள மரக்காலையில் வாங்குங்கள். 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கள்ள மரத்தில் செய்த கரண்டியில் பரகத் இருக்காது. கரண்டிக்குப் பெரிய மரம் தேவையும் இல்லை. கதவு செய்து மிஞ்சுகிற நல்ல மரத் துண்டே போதும்.

மெஷின் வந்தால் கைவேலைக்காரன் பட்டினி என்று சிலர் சொல்வார்கள். போர்ட்ஸ்மவுத் கதை அந்தப் பயம் பொய்யில்லை என்று காட்டுகிறது. ஆனால் எங்கள் இடத்தில் கைவேலையை மெஷின் அழிக்கவில்லை. பிளாஸ்டிக்கும் புயலும் யுத்தமும் அதற்கு முதலே அழித்துவிட்டன. மெஷின் வந்திருப்பது கிட்டத்தட்ட வெறும் பட்டறைக்கு. அதை வைத்து மிச்சமிருக்கிற அறிவைக் காப்பாற்றுவதா, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் வரைந்த கரண்டியை இறக்கி வெட்டுவதா என்பதுதான் எங்கள் கையில் இருக்கிற முடிவு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். கோப்புக்குள் நாங்கள் எதைப் போடுகிறோமோ அதுதான் மரத்தில் வரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கோடியில், பரணில், மூத்தம்மாவின் பழைய பெட்டியில் ஒரு மத்தோ, துடுப்போ, இடியப்ப உரலோ கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். அடிமட்டம் எடுத்து நீளம், அகலம், தடிப்பு, குழியின் ஆழம் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன மரம், யார் செய்தது, எதற்குப் பாவித்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தச் சாமானுக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளிடம் பாடசாலைக்குக் கொடுத்தனுப்பினால் நாங்கள் வரைபடமாக்கி, இரண்டு கரையிலும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம்.

முதலில் தேடுவது தொதல் துடுப்பு. முறியாத கழுத்துள்ள ஒன்று யாருடைய வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.