ஆடு தின்ற பிறப்புச் சீட்டு

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ந் தேதி இரவு, அமெரிக்காவின் கன்ஸாஸ் நகரத்து விளையாட்டு அரங்கில் ஒரு விந்தைக் காட்சி. மைதானத்தின் ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலி. அதில் 59 வயதான கறுப்பர் ஒருவர் சாய்ந்திருக்கிறார். பணிவிடைக்கு ஒரு நர்ஸ் வேறு! கூட்டம் சேர்ப்பதற்காகக் குழுவின் முதலாளி செய்த ஏற்பாடு இது. கிழவரோ சாவதானமாக எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் பந்து வீசினார். மகன் வயதுடைய பாஸ்டன் ஆட்டக்காரர்களால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை.

அவர்தாம் ஸாட்சல் பேஜ்.

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் ஓடி வந்து, பந்தைத் தரையில் குத்தி எழுப்புகிறார். பேஸ்பாலிலோ ஒரு சிறு மண்மேட்டில் நின்றபடியே, தரையில் படாமல் எறிய வேண்டும். எறிந்து எறிந்து தோள் தேய்ந்துவிடும். பெரும்பாலோர் நாற்பது வயதுக்குள் ஓய்ந்துபோவார்கள். பேஜ் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்ததே 42-வது வயதில்தான்!

ஏன் அத்தனை தாமதம்? அவர் தோலின் நிறம் கறுப்பு. வேறு காரணம் இல்லை.

1906-இல் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ரயில் நிலையத்தில் பிரயாணிகளின் பைகளைச் சுமந்ததால் 'ஸாட்சல்', அதாவது பை, என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதில் சில்லறைத் திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பந்து வீசும் வித்தையைச் செம்மையாகக் கற்றது அங்கேதான்.

1926-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஆனால் வெள்ளையர் குழுக்களில் கறுப்பருக்கு இடமில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத, எல்லோரும் காப்பாற்றிய விதி அது. கறுப்பர்களுக்கென்று தனியே நடந்த 'நீக்ரோ லீக்' ஆட்டங்களிலும், ஊர் ஊராகச் சுற்றிய கண்காட்சிப் பந்தயங்களிலும் அவர் இளமை கழிந்தது. பல ஊர்களில் அவர் பந்து வீச்சுக்குக் கைதட்டுவார்கள். இரவில் தங்க ஓட்டலில் அறை கொடுக்கமாட்டார்கள். வெள்ளையர் லீக்கில் 1934-இல் முப்பது வெற்றிகள் கண்ட டிஸி டீன், கண்காட்சிப் பந்தயங்களில் பேஜை எதிர்த்து ஆடியவர். பேஜின் திறமை அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கதவு திறக்கவில்லை.

1947-இல் ஜாக்கி ராபின்ஸன் அந்தக் கதவைத் திறந்தார். மறு ஆண்டு ஜூலையில் க்ளீவ்லாந்துக் குழுவின் முதலாளி பில் வீக், பேஜை அழைத்துக்கொண்டார். வெறும் விளம்பர வித்தை என்று பத்திரிகை ஒன்று ஏசியது. பேஜ் ஆறு ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றார். ஆகஸ்டில் ஓரிரவு அவரைக் காண 78,000 பேருக்கு மேல் திரண்டார்கள். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டமும் க்ளீவ்லாந்துக்கே கிடைத்தது.

வயது என்ன என்று நிருபர்கள் கேட்டால், பைபிளுக்குள் வைத்திருந்த பிறப்புச் சீட்டை ஆடு தின்றுவிட்டதாகக் கதை சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். வயது தெரிந்தால் பிழைப்புப் போய்விடுமே என்ற அச்சமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் வயதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானே எழும்: இடைப்பட்ட 22 ஆண்டுகள் எங்கே போயின? அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர் அல்லவே!

1968-இல் பென்ஷன் பெற அவருக்குச் சுமார் ஐந்து மாதச் சேவை குறைந்தது. அட்லாண்டாக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தது. 1971-இல் கூப்பர்ஸ்டவுனிலுள்ள புகழ் மண்டபத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் முதலில் கறுப்பர் லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றார்கள்! கண்டனம் கிளம்பிய பிறகே சமமான இடம் கிடைத்தது.

1982-இல் பேஜ் காலமானார். 2020 டிசம்பரில்தான் பழைய நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று ஏற்றுக்கொண்டார்கள். 2024-இல் அவற்றின் கணக்குகளும் பொது ஏட்டில் சேர்ந்தன.

ஏட்டைத் திருத்தியது நல்ல காரியந்தான். ஆனால் இருபத்தைந்து வயது பேஜ் அந்தப் பெரிய மைதானங்களில் பந்து வீசும் காட்சியை எந்தத் திருத்தம் கொண்டுவரும்?