பழவேற்காடு: பெயர் பொறித்த கற்களும் பெயரற்றோரும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்தை ஒட்டியோ ஊர்ப் பொதுவிடத்திலோ ஒரு கல் நிற்பதைக் காணலாம். முதல் உலகப் போரில் மாண்ட உள்ளூர்ப் பண்ணையாட்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நடுகல் கண்ட நமக்கு இது புதிதன்று. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. இந்த நினைவோடு பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டைப் பார்க்கும்போது, அங்கே யாருக்குக் கல் உண்டு, யாருக்கு இல்லை என்னும் கேள்வி எழுகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு வாணிகம் செய்தனர். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் அக்காலத்தது என்பர். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1610இல் விசயநகர அரசிடம் உரிமை பெற்று இங்கு அமர்ந்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அவர்களது பண்டகசாலையைத் தாக்கவே, 1613இல் கோட்டை எழுந்தது. அதனைக் கட்டுவித்த வெம்மர் வான் பெர்கெம் தம் தாய்நாட்டு மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் 'கெல்ட்ரியா' என்று அழைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வாணிகம் முழுவதும் இங்கிருந்தே ஆளப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை, முட்புதர் மூடிய மேடு. சுற்றிலும் அகழியின் சுவடு.

கோட்டை அழிந்தாலும் கல்லறைத் தோட்டம் நிலைத்திருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதன் வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. நாலடியார் 'யாக்கை நிலையாமை' என்று தனி அதிகாரமே வகுத்துப் பேசும் பொருளை, ஐரோப்பியச் சிற்பி தன் மரபில் இவ்வாறு காட்டியிருக்கிறான் எனலாம். உள்ளே குலச்சின்னங்களும் டச்சு மொழி வாசகங்களும் பொறித்த கற்பலகைகள், மாடக் கல்லறைகள், கூர்ங்கோபுரத் தூண்கள். நிலையாமையை உணர்த்த வந்த கற்களே அதிகாரிகளின் பெயர்களை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருவது ஒரு முரண்.

இவ்வூரின் வேறு சில நினைவுச் சின்னங்கள் கல்லில் இல்லை. 1632 முதல் 1642 வரை இங்கு சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜெரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தபின் 1651இல் லெய்டனில் அது வெளிவந்தது. அதில் அடங்கிய பர்த்ருஹரியின் சதகப் பாடல்களே ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கியப் பெயர்ப்பு என்று கருதப்படுகிறது. பத்மநாபனுக்கு அந்த நூலே நினைவுக்கல். அவ்வாறே, இக்கரை நெசவாளர்க்கு ஒரு சொல் நினைவுச் சின்னமாயிற்று. இங்கிருந்து கப்பலேறிய துணிகளைக் கொடுத்தே டச்சுக்காரர் கீழைத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் வாங்கினர். மலாய் மக்கள் தம் கட்டமிட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காடே.

நூலும் சொல்லும்கூட வாய்க்காதோர் மூன்றாமவர். அதே துறைகளிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டனர். 1618 முதல் 1620 வரை மழை பொய்த்த ஆண்டுகளிலும், பின்னர் வந்த பஞ்சங்களிலும் போர்களிலும், பசிக்குத் தம்மையே விற்றோரும், பிறரால் விற்கப்பட்டோரும் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். கும்பினியின் ஏடுகள் அவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே குறித்தன. அவர்கள் மாண்டதும் வேற்று மண்ணில் என்பதால் இங்கே புதைகுழியும் இல்லை.

கல்லறைத் தோட்டம் காக்கப்பட வேண்டியதே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அந்த வாயிலுக்கு எதிரே, ஏரிக்கரையில், பெயர் எழுத இயலாத ஒரு கல்லை நடுவதும் நம் கடன் என்றே தோன்றுகிறது. வாழ்ந்து மறைந்தோரைக் கல்லில் நிறுத்திப் பழகிய தமிழுக்கு, பெயரற்றோரை நிறுத்துவதும் இயலாத செயலன்று.