எந்த றோட்டுக்கு எந்தச் சைக்கிள்? வன்னியின் இரண்டு சில்லு வரலாறு

கனடாவிலும் சுவிசிலும் வளருகிற எங்கட வயதுச் சொந்தக்காரர் பனிக்காலத்தில் மலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடுகிறார்கள். ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு இறங்கும் அந்த விளையாட்டுக்குப் பலகை வாங்கப் போனால், விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் கேட்பது “எங்க ஓடப்போறீங்கள்?” என்றுதான். புதிதாய் விழுந்த மென்பனிக்கு முன்பக்கம் அகன்ற பலகை வேண்டும், இல்லாட்டிப் புதையும். இறுகின சரிவில் வேகமாக இறங்க விறைப்பான பலகை. பாய்ந்து சுழன்று வித்தை காட்ட, இரண்டு முனையும் ஒரே மாதிரியான, வளைந்து கொடுக்கிற கட்டைப் பலகை. தரை, ஓடுகிற விதம், ஓடுகிற ஆளின் நிறை என்று மூன்றையும் பார்த்துத்தான் தெரிவு.

தர்மபுரத்தில் பனி இல்லை, சைக்கிள் இருக்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், கண்டாவளைப் பிரதேசத்தில் இருக்கிற இந்த ஊரைச் சுற்றிப் பல விதமான தரை. நடுவால காப்பெற் வீதி. அதிலிருந்து இறங்கினால் சிவப்புக் கிறவல் றோட்டு. கோடையில் இறுகி, கல் கிளம்பி, ஆளை உதறி எடுக்கும். கல்மடுக்குளத்துப் பக்கம் போனால் குளக்கட்டு, வாய்க்கால் கரை, வயல் வரம்பு. மாரியில் அதே வயல் பாதை களியாகி, மட்காட்டுக்குள் அடைந்து சில்லைச் சுத்த விடாது. கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரையை நெருங்க நெருங்க மணல்.

இந்தத் தரைகளுக்கு எந்தச் சைக்கிள் பொருந்தும் என்பது கடைக் கேள்வி மட்டும் இல்லை. கடந்த அரை நூற்றாண்டில் அந்தத் தெரிவு யாருடைய கையில் இருந்தது என்று பார்த்தால், எங்கட ஊர்களின் வரலாறு வேறொரு பக்கத்தால் தெரியும். அந்தப் பக்கத்தாலதான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் எங்கட வீடுகளில் சுவரோடு சாய்ந்து நிற்கிற அந்தப் பெரிய பார் சைக்கிள். இரண்டு சில்லும் ஒரே அளவில், பின்சில்லைச் சங்கிலி இழுக்கிற வடிவம் 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி செய்த ‘ரோவர்’ சைக்கிளோடு நிலைத்தது. 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் றலி, ஹம்பர், ஹேர்குலிஸ் போன்ற கம்பனிகள் வடிவமைத்த சைக்கிள்கள் பிரித்தானியக் கொலனிகளெங்கும் பரவின. 28 அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல ரயர், கம்பித் தடியால் இழுபடுகிற பிரேக், பின்னால் நல்லாச் சாய்ந்த சட்டகம், முன்னால் வளைந்து நீண்ட போர்க். நிறை ஏறக்குறைய 20 கிலோ.

இதை வன்னிக்காக யாரும் செய்யவில்லை. ஆனால் வன்னிக்கு இது பொருந்தினதுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் நாட்டுப்புற றோட்டுகளும் தார் காணாத கல் றோட்டுகள்தான். பெரிய சில்லு சின்னக் கிடங்குக்குள் விழாமல் மேலால உருண்டு போகும். வளைந்த போர்க்கும் சாய்ந்த சட்டகமும் குலுக்கத்தில் ஒரு பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். வன்னி பெரும்பாலும் சமதரை என்பதால் ஒரு கியர் போதும். பிறகு இங்கிலாந்து றோட்டுகளுக்குத் தார் வந்தது, அங்கே சைக்கிள்கள் மெலிந்து வேகமாகின. எங்கட றோட்டுகள் அப்படியே கிடந்தன, அதனால் சைக்கிளும் அப்படியே நின்றது. ‘பழைய மொடல்’ என்று நாங்கள் பகிடி பண்ணுகிற சாமான் உண்மையில் எங்கட றோட்டின் வயதைக் காட்டுகிற சாமான். அதுக்குக் குறையும் உண்டு. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. ஒடுங்கின ரயர் மணலைக் கண்டால் புதையும்.

இந்தச் சைக்கிளை வன்னியில் உழைக்க வைத்தவர்கள் குடியேறிகள். இரணைமடுக் குளத்தை நம்பி வந்த கமக்காரர், விசுவமடு, முத்தையன்கட்டு படித்த வாலிபர் திட்டங்களுக்கு வந்த இளைஞர், 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தர்மபுரம் உட்பட வன்னியின் பல ஊர்களில் காடு வெட்டிக் குடிசை போட்ட குடும்பங்கள். 1970களின் முதல் பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. காசு கண்ட கமக்காரனுக்கு உழவு மெசின் எட்டாவிட்டாலும் சைக்கிள் எட்டும். மலையகத்திலிருந்து வந்தவர்களில் பலர் கூலிக்குப் போனவர்கள். அவர்களுக்கு அதுவும் லேசில் எட்டவில்லை. வேலையிடம் எவ்வளவு தூரம் இருக்கலாம், சந்தைக்கு யார் போகலாம், பிள்ளை எந்த வகுப்பு வரைக்கும் படிக்கலாம் என்பதையெல்லாம் சைக்கிள் இருக்கிறதா இல்லையா என்பதும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்கின் மேல் பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டன. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின, மண்ணெண்ணெய்க்கும் தங்க விலை. அந்தக் காலத்தில் சைக்கிள் போக்குவரத்துச் சாமான் மட்டும் இல்லை. தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாசும் அப்படித்தான் பல வீடுகளுக்குள் வந்தன. கிழிந்த ரயரைத் தைத்தார்கள், உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைத்து ஓடினார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டதில் எது ரியூப், எது ஒட்டு என்று தெரியாமல் போனது என்று வயதானவர்கள் இண்டைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சைக்கிள் என்றால் ஏறி ஓடுகிற சாமான் என்று நினைக்கிறோம். வன்னியின் வரலாற்றில் பாதி, அதைத் தள்ளின வரலாறு. காட்டில் விறகு வெட்டிக் கட்டி, ஆளுயரத்துக்குச் சுமை ஏற்றி, ஹாண்டிலை ஒரு கையாலும் விறகுக் கட்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்த ஆட்களுக்கு சீற் தேவைப்படவில்லை. 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை வியட்நாமியர் முற்றுகையிட்டபோது மலைக்காட்டுப் பாதையில் உணவையும் வெடிமருந்தையும் கொண்டுபோனதில் பெரும் பங்கு சைக்கிள்களுக்கு. ஹாண்டிலோடு மூங்கில் தடி கட்டி நீட்டி, சட்டகத்துக்கு முண்டு கொடுத்து, ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதுக்கு மேலும் ஏற்றித் தள்ளினார்கள். ‘என்ன ஏத்தப் போறம்?’ என்ற கேள்விக்கு ஆட்களே சைக்கிளை மாற்றிச் செய்துகொண்ட பதில்கள் இவை.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோதும் சைக்கிளைத் தள்ளித்தான் வந்தார்கள். பாரில் பிள்ளை, கரியரில் உடுப்பு மூட்டை, ஹாண்டிலில் சட்டி பானை. பிறகு கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் பல அந்தச் சைக்கிளையும் விடாமல் கொண்டு வந்தன.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கையில் விழுந்தது. அதுக்கு முன்னமே நகரத்து ஆஸ்பத்திரி தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. ஆட்களால் நிரம்பி வழிந்த ஊர், அந்த மாதம் நடுப்பகுதிக்குள் தானும் காலியானது. விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று அதே வீதியால கிழக்கே நகர்ந்தார்கள். இந்தப் பயணத்தைத் தரையாகப் பார்த்தால், அது தாரிலிருந்தும் கிறவலிலிருந்தும் மணலுக்குப் போன பயணம். கடைசியில் முள்ளிவாய்க்கால். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவில ஒடுங்கின மணல் துண்டு. ஒன்றரை அங்குல ரயர் அங்கே உருளாது. போர் முடிந்த பிறகு அந்தப் பக்கம் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைப் படங்களில் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். 1995இல் கைவிடாத சாமானை 2009இல் கைவிட்டார்கள். ஏன் என்பதை மணல் கொஞ்சம் சொல்லும். மீதியைச் சொல்ல இந்தக் கட்டுரை போதாது.

முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குச் சைக்கிள் மறுபடி நிவாரணமாக வந்தது. இந்திய அரசு மட்டும் வடக்கில் மீளக்குடியேறினவர்களுக்கு 10,000 சைக்கிள்கள் கொடுத்தது. அது பெரிய உதவி, மறக்க ஏலாது. ஆனால் நிவாரணச் சைக்கிள் வரிசையில் நின்று வாங்குகிற சைக்கிள். ‘எங்க ஓடப்போறீங்கள், என்ன ஏத்தப்போறீங்கள்?’ என்று வரிசையில் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதுக்கு உதாரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் தொடங்கின ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப்’ என்ற அமைப்பின் முதல் வேலையே இலங்கையில்தான். 20,000க்கு மேற்பட்ட சைக்கிள்களை இங்கே கொடுத்தார்கள். பிறகு ஆபிரிக்காவுக்குப் போனபோது, அங்கத்தைய பாதைகளுக்கும் சுமைகளுக்கும் ஏற்ற மாதிரித் தனியாக ‘பஃபலோ’ என்ற சைக்கிளை வடிவமைத்தார்கள். தடித்த இரும்புச் சட்டகம், 100 கிலோ தாங்குகிற கரியர், ஊரிலேயே திருத்தக்கூடிய பாகங்கள். பார்வைக்கு எங்கட பெரிய சைக்கிளின் தம்பி மாதிரி இருக்கும்.

கேள்வி கேட்காததால் அதிகம் இழந்தவர்கள் பெண்கள் என்று நினைக்கிறோம். போருக்குப் பிறகு வன்னியில் பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குச் சைக்கிள் சும்மா போய்வரவில்லை, சுமை ஏற்ற. கரியரில் தண்ணீர்க் கானோ நெல்லு மூட்டையோ இருந்தால் பின்னால காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. பார் இல்லாத சைக்கிள் என்றால் முன்னால காலை விட்டு ஏறலாம். ஆனால் மேல் பார் இல்லாத சட்டகம், அதே தடிப்பில் செய்தால், பாரச் சுமைக்கு ஆடும். ‘லேடீஸ் சைக்கிள்’ என்று கடையில் நிற்பவையோ பெரும்பாலும் கூடையும் பூப்படமும் போட்ட மெல்லிசுகள். பார் இல்லாத, ஆனால் சுமை தாங்குகிற ஒரு சைக்கிள்தான் இங்கே தேவை. உலகில் அப்படிச் செய்ய முடியாமல் இல்லை. எங்களுக்காகக் கேட்க ஆளில்லை.

எங்கட தலைமுறைக்கு வந்தது மவுண்டன் சைக்கிள். அதின் தொடக்கமும் சுவாரசியமானது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் மலைப்பாதையில் இறங்க, பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை எடுத்துத் தாங்களே மாற்றிக் கட்டினார்கள். அதாவது தரையைப் பார்த்துச் சாமானைச் செய்தார்கள். எங்களிடம் வந்ததோ அதின் தோற்றம்தான். தடித்த ரயர் கிறவலுக்கும் மணலுக்கும் நல்லது, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மலிவான முன் சொக் பாரத்தைக் கூட்டுகிற அளவுக்குக் குலுக்கத்தைக் குறைக்காது. மாரிக் களி கியருக்குள் போனால் சங்கிலி பாயும். கரியர் பூட்டவே இடமில்லாத மொடல்களும் உண்டு. சமதரையில் 18 கியர் வைத்து என்ன செய்யிறது?

சைக்கிள் ஏழைச் சாமான் என்று ஒதுக்கி, லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து, தவணை கட்ட முடியாமல் தவித்த வீடுகளை எல்லோருக்கும் தெரியும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது நாடு முழுக்கச் சைக்கிளைத் தேடினது, விலை தாறுமாறாக ஏறினது. வன்னிக்காரருக்கு அது புதுசில்லை. கொட்டிலுக்குள் கிடந்த பெரிய சைக்கிளை இறக்கி, எண்ணெய் விட்டு, காற்றடித்து ஓடினார்கள்.

ஆகவே சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பெற் வீதியால பள்ளிக்கூடம், ரியூசன் என்று போய்வர மெல்லிய ரயர்ச் சைக்கிள் போதும். கிறவலும் வரம்பும் என்றால் தடித்த ரயர், குறைந்த கியர், நல்ல கரியர். சுமைதான் முக்கியம் என்றால் பழைய பெரிய சைக்கிளை விட்டுவிடாதீங்கள், பிரேக் கட்டையை மட்டும் மாரிக்கு முதல் மாற்றுங்கள். பிரதேச சபையோ நிறுவனங்களோ இனியொரு முறை சைக்கிள் கொடுக்க வந்தால், எண்ணிக்கையைக் கேட்க முதல் எந்தச் சைக்கிள் என்று கேளுங்கள். உங்கட வீட்டில் 1990களின் சைக்கிள் ஒன்று இன்னும் நின்றால், அது யார் வாங்கினது, எந்தெந்த றோட்டால வந்தது, எதை ஏத்தினது என்று அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கேட்டு எழுதி அனுப்புங்கள். எங்கட ஊர்களின் போக்குவரத்து வரலாறு எந்த ஆவணக் காப்பகத்திலும் இந்தளவு விவரமாகக் கிடைக்காது, சொல்லக்கூடிய ஆட்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.