மவுண்ட்பேட்டன்: ஒரு குடும்பப் பெயர் பிறந்த கதை

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை எந்த ஆண்டில், யாரால் இடப்பட்டன என்று எவராலும் கூறிவிட முடியாது. இரும்படித்தவன் சிமித் ஆனான். மாவரைத்தவன் மில்லர் ஆனான். ஊரார் வாயிற் பல தலைமுறை புழங்கி நிலைத்த பெயர்கள் அவை. ஆனால் பிறந்த ஆண்டும் மாதமும் காரணமும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. மவுண்ட்பேட்டன் என்பதே அது. 1917 ஜூலையில், உலகப் போரின் நடுவே, அச்சத்தினாற் செய்யப்பட்ட பெயர்.

இலங்கையர்க்கு இப்பெயர் அந்நியமானதன்று. 1944 இல் தென்கிழக்காசியாவுக்கான நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டபோது, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து அதனை நடத்தியவர் லூயி மவுண்ட்பேட்டன் பிரபு. மூன்றாண்டுகளின் பின்னர் இந்தியாவின் கடைசி வைஸ்ரோயாகி அதிகாரத்தைக் கைமாற்றியவரும் அவரே. இத்தனை ஆங்கில மிடுக்குடன் ஒலிக்கும் பெயரைத் தாங்கிய அவர், அந்தப் பெயருடன் பிறக்கவில்லை. 1900 இல் பிறந்தபோது அவர் பேட்டன்பேர்க் இளவரசர்.

பேட்டன்பேர்க் ஜேர்மனியின் ஹெசே பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய பழைய பிரபு வம்சம் பதினான்காம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. 1851 இல் ஹெசே இளவரசர் அலெக்சாந்தர், ரஷ்ய அரசவைப் பணிப்பெண்ணான யூலியா ஹௌக்கே என்பவரைக் காதலித்து மணந்தார். மணமகள் குல அந்தஸ்தில் குறைந்தவள். ஆகவே பிள்ளைகள் ஹெசே இளவரசர்களாக இயலாது. அவளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டியிருந்தது. கேட்பாரற்றுக் கிடந்த பேட்டன்பேர்க் என்ற பெயர் தூசு தட்டி எடுக்கப்பட்டது. ஆக, மூலப் பெயரே ஒரு சங்கடத்தை மறைக்கப் பிறந்ததுதான்.

அவர்களின் மகன் லூயி 14 வயதில், 1868 இல், இங்கிலாந்து சென்று பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தார். விக்டோரியா மகாராணியின் பேர்த்தியை மணந்தார். தம் திறமையால் உயர்ந்து 1912 இல் கடற்படையின் தலைமைத் தளபதிப் பதவியை அடைந்தார். 1914 ஜூலை இறுதியில், ஒத்திகை முடிந்து கலைந்துசெல்லவிருந்த போர்க்கப்பல்களைக் கலையாது நிறுத்திவைத்தவர் அவரே. போர் மூண்டபோது பிரித்தானியக் கடற்படை ஆயத்தமாக இருந்ததற்கு அந்த ஆணை முக்கிய காரணம்.

அதற்குக் கிடைத்த நன்றி விசித்திரமானது. ஜேர்மனியிற் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவரிடம் கடற்படை இரகசியங்களை ஒப்படைப்பதா என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. அவற்றில் முன்னின்றது ஹொரேஷியோ பொட்டம்லி நடத்திய 'ஜோன் புல்'. தேசபக்தியை விற்றுப் பிழைத்த இந்த மனிதர், போர்க்கடன் பத்திரங்களின் பெயரால் மக்களின் பணத்தை மோசடி செய்து 1922 இற் சிறை சென்றார் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்போர் மறக்கலாகாது. ஆனால் 1914 இல் வென்றது அவர்தான். ஒக்டோபர் 28 அன்று லூயி பதவி துறந்தார். அதற்கு முதல் நாள்தான், அவருடைய தம்பியின் மகன் மோரிஸ், பேட்டன்பேர்க் என்ற அதே பெயருடன் பிரித்தானியச் சீருடையில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் மாண்டிருந்தார்.

சாதாரண ஜேர்மன் குடியேறிகளின் பாடு இதனினும் கொடியது. 1915 மே மாதம் லூசித்தானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது, ஜேர்மன் பெயர்ப் பலகை தொங்கிய ரொட்டிக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் சூறையாடப்பட்டன. பெயரை மாற்றித் தப்பவும் அவர்களுக்கு வழியில்லை. பகை நாட்டுப் பிரசைகள் பெயர் மாற்றுவதை அரசு 1914 இலேயே தடைசெய்திருந்தது. அரண்மனையினர் பிரித்தானியப் பிரசைகள். சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

1917 ஜூன் 13 அன்று ஜேர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசி 162 பேரைக் கொன்றன. பொப்லர் பகுதிப் பாடசாலையொன்றில் மட்டும் 18 பிள்ளைகள் இறந்தனர். அவ்விமானங்களுக்குக் 'கோத்தா' என்று பெயர். அரசர் ஐந்தாம் ஜோர்ஜின் வம்சப் பெயரோ சாக்ஸ்-கோபேர்க்-கோத்தா! இனியும் தாமதிக்க முடியாது என்று அரண்மனைக்கு விளங்கிற்று. ஜூலை 17 அன்று அரசர் வின்ட்சர் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். உறவினரையும் மாற்றுமாறு பணித்தார். ஜேர்மன் மொழியில் 'பேர்க்' என்றால் மலை. ஆங்கிலத்தில் 'மவுண்ட்'. பேட்டன்பேர்க் தலைகீழாகி மவுண்ட்பேட்டன் ஆயிற்று. 'பேட்டன்ஹில்' என்ற வடிவமும் ஆலோசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டங்கட்டிய பேட்டன்பேர்க் கேக் மட்டும் இன்றுவரை பழைய பெயரிலேயே விற்பனையாகிறது.

தந்தை அவமானப்பட்டு விலகியபோது இளைய மகன் லூயிக்கு வயது 14. கடற்படைப் பயிற்சி மாணவன். தந்தை இழந்த அதே பதவியை 1955 இல் அவர் அடைந்தார். அத்துடன் நின்றாரா? அவருடைய சகோதரியின் மகன் பிலிப், 1947 இற் பிரித்தானியப் பிரசையானபோது தாய்வழிப் பெயரான மவுண்ட்பேட்டனை ஏற்று, எலிசபெத் இளவரசியை மணந்தார். 1952 பெப்ரவரியில் எலிசபெத் அரசியானதும், இனி ஆட்சியில் இருப்பது மவுண்ட்பேட்டன் வம்சமே என்று மாமனார் விருந்தொன்றிற் பெருமையடித்தார். செய்தி ஐந்தாம் ஜோர்ஜின் விதவையான மேரி அரசியின் காதுக்கு எட்டிற்று. அவர் வழியாகப் பிரதமர் சேர்ச்சிலிடம் போயிற்று. 1914 இல் மூத்த லூயியின் பதவி துறப்பை ஏற்ற கடற்படை அமைச்சரும் இதே சேர்ச்சில்தான். ஏப்ரல் 9 அன்று, வம்சமும் பிள்ளைகளும் வின்ட்சர் என்ற பெயரிலேயே தொடர்வர் என அரசி அறிவித்தார். தன் பெயரைப் பிள்ளைகளுக்கு இட முடியாத ஒரே ஆண் இந்நாட்டில் தானே என்று பிலிப் மனம் நொந்ததாகக் கூறுவர்.

எட்டாண்டுகளின் பின்னர் ஒரு சமரசம் பிறந்தது. 1960 பெப்ரவரி 8 அன்று அரசி புதிய அறிவித்தலொன்றை விடுத்தார். வம்சத்தின் பெயர் வின்ட்சராகவே இருக்கும். ஆனால் இளவரசர் பட்டமற்ற சந்ததியினர் மவுண்ட்பேட்டன்-வின்ட்சர் என்ற குடும்பப் பெயரைத் தாங்குவர். பட்டமுள்ள மகள் ஆன், 1973 இல் தம் திருமணப் பதிவேட்டில் அப்பெயரைத் தாமாகவே எழுதினார்.

அந்த அறிவித்தல் வெளியானபோது அரசி நிறைமாதக் கர்ப்பிணி. பதினொரு நாள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு அன்ட்ரூ என்று பெயரிட்டனர். பட்டமற்றவர்களுக்கென வகுக்கப்பட்ட குடும்பப் பெயர் அவருக்குத் தேவைப்படும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஜெஃப்ரி எப்ஸ்டீனுடனான தொடர்பு குறித்த குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவந்தபோதிலும், 2025 ஒக்டோபர் 30 அன்று அரண்மனை ஓர் அறிக்கை வெளியிட்டது. அண்ணன் சார்ள்ஸ் அரசரின் முடிவின்படி அவருடைய பட்டங்கள் யாவும் களையப்படும் என்றும், இனி அவர் அன்ட்ரூ மவுண்ட்பேட்டன் வின்ட்சர் என்றே அழைக்கப்படுவார் என்றும் அதில் இருந்தது.