நிற்பதன் வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். சிவப்பு விளக்கின் முன் வண்டி நிற்கும் அரை நிமிடத்துக்கும் ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

தொடக்ககாலக் கார்களில் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே இயந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கை முறிந்துபோகும். நின்ற இடத்திலெல்லாம் அதை அணைக்கும் எண்ணம் அன்று எவருக்குத்தான் தோன்றியிருக்கும்? 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தபோதுதான் அந்த அச்சம் விலகத் தொடங்கியது. அதற்கு முன் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர் அவர்.

அடுத்த சிக்கல் மேட்டில் நிற்பது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என மூன்று மிதிகள், கால்களோ இரண்டு. 1936இல் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 'ஹில் ஹோல்டர்' என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. ஏற்றத்தில் ஒரு சிறு உருண்டை பின்னோக்கி உருண்டு பிரேக் எண்ணெயின் வழியை அடைக்கும். கிளட்சை விடும்போது வழி திறக்கும். இன்றைய 'ஆட்டோ ஹோல்ட்' வசதிக்கு இதையே முன்னோடி எனலாம். இப்போது உருண்டையின் வேலையை, சறுக்கலைத் தடுக்க அமைக்கப்பட்ட மின்னணு வால்வுகள் செய்கின்றன. காலை எடுத்த பின்னும் அழுத்தம் தங்குகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் விலகுகிறது.

இயந்திரத்தைத் தானாக அணைக்கும் முயற்சிக்கு எண்ணெய்த் தட்டுப்பாடு தூண்டுகோலாயிற்று. 1973 நெருக்கடியை அடுத்து, 1974இல் டொயோட்டா தன் கிரவுன் காரில் இதைச் சோதித்தது. 1983இல் ஃபியட் ரெகாட்டாவிலும், 2004இல் சிட்ரோயன் சி3யிலும் இது வந்தது. ஆயினும் பரவலானது, 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டைக் கிலோமீட்டருக்கு 130 கிராம் என வரையறுத்த பின்னரே.

இரண்டும் சேர்ந்தால் நிற்பது எளிதாகிறது. பல கார்களில், ஹோல்ட் விளக்கு எரிந்தபின் காலை எடுத்தாலும் இயந்திரம் அணைந்தே இருக்கும். ஊர்ந்து செல்லும் நெரிசலில் அடிக்கடி அணைந்து எழுவது எரிச்சல் தந்தால் நிறுத்திவைக்கப் பெரும்பாலும் ஒரு பொத்தான் உண்டு.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலையும் இருக்கிறது. கால் கற்ற பழக்கம் எளிதில் மறப்பதில்லை. இவ்வசதி இல்லாத இன்னொருவர் காரை ஓட்டும் நாளில், சிவப்பு விளக்கில் நம் கால் தன்னிச்சையாக மேலெழும். வண்டி மெல்ல முன்னால் நகரும். அங்கே சாலையைக் கடந்துகொண்டிருப்பது ஒரு முதியவராகவோ குழந்தையாகவோ இருக்கலாம். எனவே விளக்கு எரிவதைக் கண்ட பின்னரே காலை எடுப்போம். இறங்கும்போது கைப்பிரேக்கைப் போடுவோம். கையையும் காலையும் கருவி விடுவித்திருக்கிறது. கவனத்தை இன்னும் விடுவிக்கவில்லை.