ஃபாண்ட் போனால் தமிழும் போகும்

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கேஸிலிருந்து 'த' எடுத்துக் கோர்த்தால் அது கடைசிவரை 'த'தான். டி.டி.பி. வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. திருவண்ணாமலையில் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வேங்கிக்காலில் இருக்கும் நான் இரண்டையும் பார்த்தவன்.

1985-ல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. அதில் தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஃபாண்டுகளைக் கொண்டுதான் நாம் சமாளித்தோம். பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்பது கம்ப்யூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி, அவ்வளவுதான். அதைத் தமிழாகக் காட்டியது ஃபாண்ட் மட்டுமே.

சிக்கல் இங்கேதான். பத்திக்கு ஒரு ஸ்டைல் வைத்துவிட்டு, அதன்மேல் கையால் ஃபாண்டையோ அளவையோ மாற்றினால் அதற்கு ஓவர்ரைடு என்று பெயர். ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தோன்றும். அவசர வேலையில் பலரும் ஸ்டைலை ஆங்கில ஃபாண்டிலேயே விட்டுவிட்டு, தமிழ் ஃபாண்டைக் கையால் போடுவார்கள். அச்சில் குறை தெரியாது.

பிறகு இன்டிசைன் வந்தது. அதன் சி.எஸ். பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறந்தன. ஆல்ட் விசையை அழுத்தி ஸ்டைல் பெயரைச் சொடுக்கினால் ஓவர்ரைடுகள் நீங்கிவிடும். ஆங்கில வேலைக்கு அது நல்ல துடைப்பம். நம் பக்கத்திலோ கையால் போட்ட ஃபாண்டும் சேர்ந்து போய், ஒரு கோயில் மலர் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும்.

வைத்தியம் எளிது. முதலில் கோப்பை நகலெடுக்க வேண்டும். பத்தி ஸ்டைலிலேயே தமிழ் ஃபாண்டை அமைக்க வேண்டும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தனியாக ஒரு கேரக்டர் ஸ்டைல் கொடுக்க வேண்டும். ஆல்ட் சொடுக்கு அதைத் தொடாது. அதன்பிறகே துடைக்க வேண்டும்.

ஃபாண்டுக்கு ஒரு குறியீடு என்ற குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. டேம், டேப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் எழுத்துக்கே தனி எண் உண்டு. ஃபாண்ட் மாறினாலும் 'த' 'த'வாகவே இருக்கும். ஈய எழுத்தின் நிம்மதி திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

ஆனால் இடைப்பட்ட காலத்துக் கோயில் மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் ஊர் வரலாறுகளும் இன்னும் பழைய குறியீட்டிலேயே சி.டி.களில் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், கோப்போடு அந்த ஃபாண்டையும் தேடி எடுத்து வையுங்கள். ஃபாண்டின் பெயரை உறைமேல் எழுதுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த ஃபாண்ட் என்றே தெரியாமல் போனால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அது தமிழ் என்பதே தெரியாது.